என்கரேஜ், மோட்டிவேட், இன்ஸ்பயர்: எந்த இடத்தில் எந்தச் சொல்? பட்டுத் தெரிந்துகொண்டவனின் வழிகாட்டி

ஒரு வேலைக்கு விண்ணப்பக் கடிதம் எழுதினேன். ஒரே பத்தியில் 'என்கரேஜ்' நான்கு முறை வந்திருந்தது. படித்துப் பார்த்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. வேர்டில் ஒரு சொல்லின் மேல் கர்சரை வைத்து ஷிஃப்ட்டையும் எஃப்7-ஐயும் சேர்த்துத் தட்டினால் இணைச்சொல் பட்டியல் வரும். தட்டினேன். சின்னதாக, கம்பீரமாகத் தெரிந்த 'இன்சைட்' (incite) என்ற சொல்லை எடுத்து ஓரிடத்தில் வைத்துவிட்டேன். நேர்காணலில் எதிரே இருந்தவர் அந்த வரியை மெதுவாக வாசித்து, "உங்கள் குழுவை யாருக்கு எதிராகத் தூண்டிவிட்டீர்கள்?" என்று கேட்டுச் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார் என்றுகூட அப்போது எனக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வந்து அகராதியைத் திறந்தேன். 'இன்சைட்' கூடவே கலவரம், வன்முறை, வெறுப்பு என்று வரிசையாக வந்து நின்றன.

அந்த வேலை கிடைக்கவில்லை. அதற்கு அந்த ஒரு சொல்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கப்புறம் பிறருக்கு ஊக்கம் தருவதைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாக உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். நீங்கள் அவ்வளவு அலைய வேண்டாம்.

தொடங்குவதற்கு முன்: என்ன தேவை, என்ன செலவு

பணச் செலவு இல்லை. கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ், லாங்மேன் என மூன்று அகராதிகளும் இணையத்தில் இலவசம். ஒரு சொல்லைத் தேடும்போது பொருளை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். அதன் கீழே வரும் எடுத்துக்காட்டு வாக்கியங்களில்தான் விஷயம் இருக்கிறது. உச்சரிப்புக்கு யூக்ளிஷ் என்ற தளம் உண்டு. சொல்லைத் தட்டினால் யூடியூப் காணொளிகளில் அதை யாராவது பேசும் இடத்தை எடுத்துக் காட்டும்.

நேரம் என்று பார்த்தால் ஒரு சொல்லுக்குக் கால் மணி நேரம் போதும். ஒரு நாளில் இரண்டு சொல்லுக்கு மேல் எடுக்காதீர்கள். நான் ஒரே இரவில் இருபது சொல்லை எழுதிவைத்து இருபதையும் குழப்பிக்கொண்டேன்.

1. முதலில் தமிழில் வினையைப் பிடியுங்கள்

இணைச்சொல் பட்டியலில் தேடுவதற்கு முன், அதே காரியத்தைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள் என்று யோசியுங்கள். ஊக்கப்படுத்தினாரா, தூண்டிவிட்டாரா, உசுப்பேற்றினாரா, தட்டிக்கொடுத்தாரா, தேற்றினாரா, வற்புறுத்தினாரா, சம்மதிக்க வைத்தாரா? இவை ஒன்றுக்கொன்று மாற்றிப் போடக்கூடியவை அல்ல என்பது உங்களுக்கு யாரும் சொல்லித் தராமலே தெரியும். ஆங்கிலத்திலும் அப்படித்தான்.

ஊக்கப்படுத்து என்றால் என்கரேஜ். வற்புறுத்து என்றால் அர்ஜ். பேசிச் சம்மதிக்க வைத்தால் பெர்சுவேட். உசுப்பேற்றினால் எக் ஆன். கலகத்துக்குத் தூண்டினால் இன்சைட். பயப்படாதே என்று தைரியம் சொன்னால் ரீஅஷ்யூர். துக்கத்தில் தேற்றினால் கன்சோல் அல்லது கம்ஃபர்ட். தட்டிக்கொடுப்பதற்கு மட்டும் அப்படியே நேர்ச்சொல் இருக்கிறது: அ பேட் ஆன் த பேக். முதுகில் தட்டுவது இரண்டு மொழிக்கும் பொது போலிருக்கிறது.

எனக்கு உண்மையில் உதவியது இந்த ஒரு பழக்கம்தான். இதை மட்டும் செய்திருந்தால் 'இன்சைட்' பக்கம் போயிருக்கவே மாட்டேன். என் குழுவை நான் 'தூண்டிவிட்டேன்' என்று தமிழில் எழுதியிருப்பேனா?

2. என்கரேஜ் எப்படி உட்காரும்

பெரும்பாலான தவறுகள் சொல்லில் இல்லை. சொல்லுக்குப் பின்னால் வருவதில் இருக்கின்றன. என்கரேஜுக்கு அடிப்படை அமைப்பு இதுதான்: முதலில் ஆள், பிறகு 'டு', பிறகு வினை. 'ஷி என்கரேஜ்டு மீ டு அப்ளை.' விண்ணப்பிக்கச் சொல்லி ஊக்கப்படுத்தினாள். நம்முடைய 'படிக்க', 'எழுத', 'விண்ணப்பிக்க' என்ற வடிவங்கள் 'டு ஸ்டடி', 'டு ரைட்', 'டு அப்ளை' என்று நேராகப் பொருந்திவிடும்.

சிக்கல் எங்கே வருகிறது? நாம் 'படிப்பதற்கு ஊக்கம் கொடுத்தார்' என்றும் சொல்கிறோம். அந்தக் 'கு' ஆங்கிலத்தில் 'ஃபார்' ஆகி, 'ஹி என்கரேஜ்டு மீ ஃபார் ஸ்டடியிங்' என்று வந்துவிடுகிறது. இது தவறு. மோட்டிவேட், இன்ஸ்பயர் இரண்டுக்கும் இதே கதைதான். அவற்றுக்கும் ஆள், டு, வினை.

ஆளைச் சொல்லாமல் 'டு' போட்டாலும் தவறு. 'திஸ் என்கரேஜஸ் டு ரீட்' என்று எழுதக் கூடாது. ஆள் இல்லை என்றால் 'ரீடிங்' என்று பெயராக்குங்கள்: 'திஸ் என்கரேஜஸ் ரீடிங்.'

எதிர்ச்சொல்லான டிஸ்கரேஜ் வேறு பாதையில் போகும். 'டிஸ்கரேஜ்டு மீ டு அப்ளை' என்று எழுதாதீர்கள். 'டிஸ்கரேஜ்டு மீ ஃப்ரம் அப்ளையிங்' என்பதே சரி. 'ஃப்ரம்' வந்தால் பின்னால் 'இங்'. நான் இதை ஒரு வருடம் தவறாக எழுதினேன், ஒருவரும் திருத்தவில்லை. இந்த வகைத் தவறு படிப்பவருக்குப் புரிந்துவிடும், அதனால் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்.

இன்னொன்று: பெயர்ச்சொல்லான என்கரேஜ்மென்ட்டுக்குப் பன்மை போடாதீர்கள். 'தேங்க்ஸ் ஃபார் யுவர் என்கரேஜ்மென்ட்ஸ்' என்று எழுதுவது நம் பக்கம் அதிகம். அட்வைஸ் மாதிரி இதுவும் எண்ண முடியாத சொல். பல வார்த்தைகள் என்று காட்ட வேண்டுமானால் 'வேர்ட்ஸ் ஆஃப் என்கரேஜ்மென்ட்'.

3. பெரிய மூன்று: என்கரேஜ், மோட்டிவேட், இன்ஸ்பயர்

இந்த மூன்றும் ஒன்று என்றே பலர் நினைக்கிறார்கள். நான் பிரித்துப் புரிந்துகொண்ட விதம் இது.

என்கரேஜில் ஒருவர் நேரில் வந்து ஏதாவது சொல்கிறார் அல்லது செய்கிறார். 'உன்னால் முடியும், போய் முயற்சி செய்' என்கிறார். உங்களுக்கு ஏற்கெனவே பாதி மனம் இருக்கிறது, தைரியம்தான் குறைவு.

மோட்டிவேட்டில் மையமாக இருப்பது காரணம். ஏன் செய்ய வேண்டும் என்பதற்கு ஒன்று கிடைக்கிறது. அது சம்பளமாகவோ பயமாகவோ பிள்ளைகளின் எதிர்காலமாகவோ இருக்கலாம். அதனால்தான் நேர்காணலில் 'வாட் மோட்டிவேட்ஸ் யூ?' என்று கேட்கிறார்கள். 'வாட் என்கரேஜஸ் யூ?' என்று கேட்பதில்லை. பணம் உங்களை மோட்டிவேட் பண்ணும். ஆனால் பணம் உங்களை இன்ஸ்பயர் பண்ணியது என்று எழுதினால் படிப்பவர் புருவத்தை உயர்த்துவார்.

இன்ஸ்பயரில் ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டியதில்லை. இறந்துபோனவர் இன்ஸ்பயர் பண்ணலாம், ஒரு மலை பண்ணலாம். உங்களுக்குள் இல்லாத ஓர் ஆசையை அது புதிதாகக் கிளப்புகிறது. அதனால் சின்ன விஷயங்களுக்கு இதைச் செலவழிக்காதீர்கள். 'மை மேனேஜர் இன்ஸ்பயர்டு மீ டு ஃபில் த ஃபார்ம்' என்றால் கேலி மாதிரி இருக்கும்.

இங்கே ஒரு கண்ணி: மோட்டிவேஷனிலிருந்து 'மோட்டிவ்' என்று சுருக்கிவிடாதீர்கள். மோட்டிவ் என்றால் உள்நோக்கம் என்ற வாடை வரும். துப்பறிபவர்கள் கொலைக்குத் தேடுவது மோட்டிவ். 'மை மோட்டிவ் ஃபார் ஜாயினிங் யுவர் கம்பெனி' என்று தொடங்கும் கடிதம் படிப்பவரை உஷாராக்கும்.

4. வலு பார்த்துப் போடுங்கள்

ஒரே காரியத்தை மெதுவாகவும் சொல்லலாம், அழுத்தியும் சொல்லலாம். நட்ஜ் என்பது முழங்கையால் லேசாக இடிப்பது. என்கரேஜ் நடுவில். அர்ஜ் என்றால் அவசரமும் அழுத்தமும் உண்டு. புயல் வரும்போது அதிகாரிகள் மக்களை வெளியேறச் சொல்வது அர்ஜ். புஷ் என்றால் தள்ளுவது, சில நேரம் விருப்பத்துக்கு எதிராகவும். எக்ஸ்ஹார்ட் என்று ஒன்று உண்டு. மேடைப் பிரசங்கம் எழுதினால் தவிர அது உங்களுக்குத் தேவைப்படாது.

பெர்சுவேட்டைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் முடிவும் அடங்கியிருக்கிறது. 'ஐ என்கரேஜ்டு ஹிம் டு அப்ளை, பட் ஹி டிடின்ட்' சரி. ஊக்கப்படுத்தினேன், அவன் விண்ணப்பிக்கவில்லை. அதே வாக்கியத்தில் பெர்சுவேட் போட்டால் முன்னுக்குப் பின் முரண். பெர்சுவேட் பண்ணினால் அவன் விண்ணப்பித்துவிட்டான் என்று பொருள்.

5. இணைச்சொல் பட்டியலின் கண்ணிகள்

இந்தப் பகுதியை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள்.

ப்ரமோட்: 'என்கரேஜ் சைக்ளிங்' என்பதை 'ப்ரமோட் சைக்ளிங்' என்று மாற்றலாம். ஆனால் 'என்கரேஜ் பீப்பிள் டு சைக்கிள்' என்பதில் ஆள் வருகிறது. அங்கே ப்ரமோட் போட்டால் மக்களுக்குப் பதவி உயர்வு கொடுத்துவிடுவீர்கள். ஃபாஸ்டர் என்பதும் இப்படித்தான். படைப்பாற்றலை, நட்பை ஃபாஸ்டர் பண்ணலாம். குழந்தையை ஃபாஸ்டர் பண்ணினால் வளர்ப்புக் குழந்தையாக ஏற்றுக்கொண்டீர்கள் என்றாகிவிடும்.

இன்சைட், இன்ஸ்டிகேட், ப்ரொவோக், கோட் (goad): எல்லாம் வம்புக்குத் தூண்டிவிடும் வாடை உள்ளவை. இன்சைட்டால் நான் பட்ட கதையை மேலே சொல்லிவிட்டேன். இன்ஸ்டிகேட் சில இடங்களில் நல்ல பொருளில் வரும். விசாரணையை, சீர்திருத்தத்தைத் தொடங்கிவைப்பது. ஆளைச் சொல்லும் இடத்தில் வேண்டவே வேண்டாம்.

எக் ஆன்: முட்டைக்கும் இதற்கும் தொடர்பில்லை. நண்பர்கள் கூடி நின்று ஒருவனை முட்டாள்தனம் செய்ய ஏற்றிவிடுவதற்குத்தான் இது பெரும்பாலும் வரும். பரிந்துரைக் கடிதத்தில் பார்த்தால் அழித்துவிடுங்கள்.

சியர் அப், சியர் ஆன்: வாடிய முகத்தைப் பார்த்துச் சொல்வது சியர் அப். ஓடுகிறவனுக்கு ஓரத்தில் நின்று கத்துவது சியர் ஆன்.

மோரல் (moral), மொரால் (morale): கடைசியில் ஓர் 'இ' கூடினால் சொல்லே வேறு. குழுவின் மனோபலம் மொரால், அழுத்தம் இரண்டாவது அசையில். 'பூஸ்ட் த டீம்ஸ் மொரால்' என்பதில் 'இ' வேண்டும். 'மோரல் சப்போர்ட்' என்பதில் 'இ' கூடாது. எழுத்துப்பிழை பார்க்கும் மென்பொருள் இதைப் பிடிக்காமல் விட்டுவிடலாம். இரண்டும் சரியான சொற்கள்தானே.

ரூட் ஃபார்: 'ஐம் ரூட்டிங் ஃபார் யூ', உனக்காக நான் ஆர்ப்பரிக்கிறேன். அமெரிக்காவில் சாதாரணமாகச் சொல்வது. ஆஸ்திரேலியாவில் 'ரூட்' கொச்சையான சொல், அங்கே வாயைத் திறக்காதீர்கள். அவர்கள் 'பேரக் ஃபார்' என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்தில் 'பேரக்' என்றால் கூச்சல் போட்டுக் கேலி செய்வது.

அப்புறம், என்கரேஜே எப்போதும் நல்ல சொல் என்று நினைக்க வேண்டாம். ஈரம் பூஞ்சையை என்கரேஜ் பண்ணும். இங்கிலாந்தில் 2007ஆம் ஆண்டின் சீரியஸ் கிரைம் ஆக்ட் சொல்லும் குற்றத்தின் பெயரே குற்றத்தை 'என்கரேஜ்' செய்தல் அல்லது அதற்கு உதவுதல். ஒருவர் மொக்கை ஜோக் அடித்து நீங்கள் சிரித்தால், பக்கத்தில் இருப்பவர் 'டோன்ட் என்கரேஜ் ஹிம்!' என்பார். ஏற்றிவிடாதே என்று அர்த்தம். அவர் கோபப்படவில்லை.

6. பேச்சில்: சொல்லைவிட நேரம் முக்கியம்

எதிரே ஒருவர் நிற்கும்போது யாரும் 'ஐ என்கரேஜ் யூ' என்று சொல்வதில்லை. சொன்னால் அரசாங்க அறிக்கை மாதிரி இருக்கும். பேச்சுக்கு வேறு கையிருப்பு வேண்டும்.

இறங்குவதற்கு முன்: தயங்குகிறவரிடம் 'கோ ஃபார் இட்' அல்லது 'கிவ் இட் அ ஷாட்'. தேர்வு அறைக்குள் போகப் போகிறவரிடம் 'யூவ் காட் திஸ்'. 'பிரேக் அ லெக்' என்பது மேடை ஏறுபவர்களுக்கு உரியது. அறுவை சிகிச்சைக்குப் போகிறவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

நடுவில்: நன்றாகப் போய்க்கொண்டிருந்தால் 'கீப் இட் அப்'. கஷ்டப்பட்டுத் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தால் 'ஹேங் இன் தேர்'. இரண்டையும் மாற்றிச் சொன்னால் விபரீதம். வேலை போன நண்பனிடம் 'கீப் இட் அப்' என்று அனுப்பியவரை எனக்குத் தெரியும். இன்னொரு எச்சரிக்கை, 'கீப் இட் அப்' மேலிருந்து கீழே வரும் சொல். உங்கள் மேலதிகாரியிடம் சொன்னால், நீங்கள் அவருக்கு மதிப்பெண் போடுவது போல இருக்கும்.

முடிந்த பின்: ஜெயித்தால் 'வெல் டன்' எங்கும் செல்லும். 'வே டு கோ' அமெரிக்க வாடை. 'குட் ஃபார் யூ' என்பதைக் குரலைப் பார்த்துச் சொல்லுங்கள். உற்சாகமில்லாமல் சொன்னால் 'எனக்கென்ன வந்தது' என்று கேட்கும்.

தோற்ற பின்: அவசரப்படாதீர்கள். 'பெட்டர் லக் நெக்ஸ்ட் டைம்' முதல் வாக்கியமாக வந்தால் குத்தும். முதலில் 'தட் மஸ்ட் பி டஃப்' என்று அவர் வலியை ஒப்புக்கொள்ளுங்கள். 'யூ கேவ் இட் யுவர் பெஸ்ட்' அப்புறம் வரட்டும். மரணச் செய்தி என்றால் ஊக்கச் சொற்கள் எதுவும் வேண்டாம். 'ஐம் சோ சாரி ஃபார் யுவர் லாஸ்' போதும்.

7. ஆவணங்களில்: எதில் எது

ரெஸ்யூமே: 'ஹைலி மோட்டிவேட்டட்' என்பது எல்லோருடைய ரெஸ்யூமேயிலும் இருக்கிறது, ஆகவே அது எதையும் சொல்வதில்லை. 'மோட்டிவேட்டட் த டீம்' என்பதும் காற்று. என்ன செய்தீர்கள்? புதியவர்கள் நான்கு பேருக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள் என்றால் 'ட்ரெய்ண்டு' அல்லது 'கோச்ட்' என்று எண்ணிக்கையுடன் எழுதுங்கள். நீண்ட காலம் வழிநடத்தினால் 'மென்டர்டு'. என் கடிதத்தில் இருந்த நான்கு 'என்கரேஜு'களில் மூன்றை இப்படித்தான் பிறகு மாற்றினேன். இணைச்சொல் தேட வேண்டிய தேவையே வரவில்லை.

விண்ணப்பக் கடிதம்: 'கைண்ட்லி என்கரேஜ் அண்ட் சப்போர்ட் மீ' என்று முடிக்காதீர்கள். தமிழில் 'ஆதரவு தருமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதும் பழக்கத்திலிருந்து வருவது இது. ஆங்கிலத்தில் இரங்கிக் கேட்பது போலாகிவிடும். 'ஐ வுட் வெல்கம் த சான்ஸ் டு டிஸ்கஸ் மை அப்ளிகேஷன்' என்று முடியுங்கள்.

மோட்டிவேஷன் லெட்டர்: ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பல இதைக் கேட்கும். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். மற்றவர்களுக்கு ஊக்கம் தரும் கடிதம் அல்ல. இந்தப் படிப்பு உங்களுக்கு ஏன் வேண்டும் என்று நீங்கள் எழுதுவது. பெரும்பாலும் ஒரு பக்கம். முதல் வரியில் 'இன்ஸ்பயர்டு பை' என்று தொடங்கும் கடிதங்கள் மலை மாதிரி வரும், வேறு வழியில் தொடங்குங்கள்.

பரிந்துரைக் கடிதம்: நீங்கள் ஒருவருக்கு எழுதித் தருகிறீர்கள் என்றால் 'ஐ என்கரேஜ் யூ டு கன்சிடர் ஹெர்' கொஞ்சம் வெதுவெதுப்பானது. உண்மையாகவே நம்பினால் 'ஐ ரெகமண்ட் ஹெர் வித்அவுட் ரிசர்வேஷன்'.

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் கட்டுரை: எழுத்துப் பகுதியின் இரண்டாம் பணிக்குக் குறைந்தது 250 சொற்கள், சுமார் 40 நிமிடம். அரசு மக்களை எதற்காவது ஊக்குவிக்க வேண்டுமா என்ற வகைக் கேள்வி அடிக்கடி கண்ணில் படும். மதிப்பெண்ணில் கால்பங்கு சொல்வளத்துக்கு. எழுத ஆரம்பிக்கும் முன் திட்டமிடும் சில நிமிடங்களிலேயே மூன்று மாற்றுகளை ஓரத்தில் குறித்துவிடுங்கள். ஆளுக்கு என்கரேஜ், பழக்கத்துக்கு ப்ரமோட், பணச் சலுகை என்றால் 'ஆஃபர் இன்சென்டிவ்ஸ்'. இதற்குமேல் தேடுவது நேர விரயம். தவறாகப் போட்ட அரிய சொல்லைவிடத் திரும்ப வந்த எளிய சொல் மேல்.

8. மற்றவர்கள் எழுதியதைப் படிக்கும்போது

'யூ ஆர் என்கரேஜ்டு டு அட்டெண்ட்' என்று மின்னஞ்சல் வந்தால் காகிதத்தில் அது கட்டாயமில்லை. 'ஸ்ட்ராங்லி என்கரேஜ்டு' என்றால் போய்விடுங்கள். வராதவர்களை யாரோ எண்ணப்போகிறார்கள்.

உங்கள் வேலையைப் பற்றி 'என்கரேஜிங்' என்று மட்டும் எழுதியிருந்தால் முழுப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பல நேரம் 'சரியான திசையில் போகிறாய், இன்னும் வரவில்லை' என்ற பொருளில் வரும். நான் ஒருமுறை இதை வீட்டில் எல்லோரிடமும் காட்டிப் பெருமைப்பட்டேன், அடுத்த வாரமே திருத்தப் பட்டியல் வந்தது.

9. வாயில் எப்படி வர வேண்டும்

நாம் 'என்கரேஜ்' என்று 'ரே'யை நீட்டுகிறோம். ஆங்கிலத்தில் அழுத்தம் நடு அசையில், கடைசி அசை குறுகி 'ரிஜ்' ஆகும்: இன்-க-ரிஜ். 'கரேஜ்' என்று நாம் சொல்லும் தைரியமும் 'கரிஜ்'தான். ஆனால் தைரியசாலி 'கரேஜஸ்' ஆகும்போது 'ரே' நீண்டு அழுத்தம் வாங்கும். யூக்ளிஷில் பத்துப் பேர் சொல்வதைக் கேளுங்கள், ஐந்து நிமிடத்தில் காது பிடித்துக்கொள்ளும்.

10. உங்களுக்கு யாராவது ஊக்கம் சொன்னால்

இதை யாரும் சொல்லித் தருவதில்லை. நாம் கூச்சத்தில் 'நோ நோ, ஐ ஆம் நத்திங்' என்கிறோம். சொன்னவருக்கு அது சங்கடம், தான் சொன்னது பொய் என்று நீங்கள் சொல்வது போல. எழுத்தில் என்றால் 'தேங்க் யூ ஃபார் யுவர் என்கரேஜ்மென்ட்' பொருத்தம். பேச்சில் 'தேங்க்ஸ், தட் மீன்ஸ் அ லாட்' போதும். மிக மோசமான நாளில் ஒருவர் சொல்லியிருந்தால் 'தேங்க்ஸ், ஐ நீடட் தட்' என்று சொல்லுங்கள்.